எல்லாப் பூட்டும் திறந்த வீடு

ஸ்ரெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு வாய்மூடிக் கிடந்தாள். முனகல் மட்டும் வேறெங்கிருந்தோ கேட்டது.

சூசையம்மாவுக்கு முதலில் அது உறைக்கவில்லை. பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், பழைய போரின் குண்டுவீச்சில் பாதி இடிந்தும் விழாமல் நின்ற மாளிகையின் மேல்மாடி. வெளியே கடல் தாண்டி வந்த அனல்காற்றுக்குப் பயந்து மரச்சாளரங்களைச் சாத்திவிட்டு ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்தது. உள்ளே வேர்வையும் மெழுகுதிரியும் சந்தையிலிருந்து ஏறிவந்த மீன்வெடுக்கும் இருட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர்க்குழாய்தான் முனகுகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மன்னாரில் பேர்பெற்ற மருத்துவிச்சி அவள். இங்கே வெள்ளைக்காரச் சிஞ்ஞோராக்களின் வீடு துடைத்தாலும், பெர்மெஸோ என்ற தங்கும் அனுமதி இல்லாத பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

விடியலிலிருந்து நோவு. பிள்ளை இறங்கவில்லை. இனியும் தாமதித்தால் இரண்டு உயிரும் தங்காது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம், றோபேட்."

"குவெஸ்தூராப் பொலிசுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் அக்கா," என்று ஸ்ரெல்லாவின் கணவன் அழுதான். ஆண்பிள்ளை அழுது எந்தப் பிள்ளை பிறந்தது?

"அப்ப வீட்டிலை பூட்டினது, கட்டினது, மூடினது எல்லாத்தையும் திற."

பிரசவம் இறுகினால் அவள் வழக்கம் அதுதான்; வீடு திறந்தால் வயிறும் திறக்கும். றோபேட் அலுமாரி, பெட்டி, பானை எல்லாம் திறந்தான். அவள் ஸ்ரெல்லாவின் பின்னலை அவிழ்த்தாள். கால்மாட்டுச் சுவரில், ஆமைப்பூட்டுத் தொங்கிய கதவு ஒன்றுதான் மிச்சம்.

"அது வேண்டாமக்கா. வீட்டுக்கார சிஞ்ஞோரா திறக்கவே கூடாதெண்டவ."

"உனக்குப் பொஞ்சாதி வேணுமோ, வீடு வேணுமோ?"

சுத்தியல் அடியில் பூட்டுத் தெறித்தது. கதவு தானாகவே உள்ளே போயிற்று. சாளரமில்லாத இருட்டு. குளிர். அதற்குள்ளிருந்து பனிக்குடம் உடைந்த வாசனை வந்தது. முனகலும் அங்கிருந்துதான்.

தண்ணீர்க்குழாயல்ல என்பது சூசையம்மாவுக்கு இப்போது உறைத்தது. கதவைச் சாத்த எழுந்தாள். அப்போதுதான் ஸ்ரெல்லா வீறிட்டாள். பிள்ளையின் தலை தெரிந்தது. இப்போது சாத்தினால் பிள்ளை நின்றுவிடும். அவள் சாத்தவில்லை.

"சுடுதண்ணி கொண்டா," என்று றோபேட்டைக் குசினிக்குத் துரத்தினாள். "முக்கு பிள்ளை, முக்கு. மடுமாதாவே."

பிள்ளை வழுக்கிக்கொண்டு கையில் விழுந்தது. பெண். உயிரோடு. வீறிட்டு அழுதது. சூசையம்மாவும் சந்தோசத்தில் அழுதாள்.

முனகல் நின்றிருந்தது.

கத்தரிக்கோலை எடுத்தாள். நூல் கட்ட, தொப்புள்கொடியை விரலால் தடவிக்கொண்டே போனாள். மறுமுனை ஸ்ரெல்லாவிடம் இல்லை. கொடி கட்டிலை விட்டு இறங்கியது. தரையில் ஓடியது. திறந்த கதவைத் தாண்டியது. இருட்டுக்குள்.

கத்தரியை வைத்து அழுத்தினாள். வெட்டவில்லை. மறுபடியும். வெட்டவில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்தியது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது.

கொடி இறுகியது. உள்ளேயிருந்து யாரோ, கிணற்றில் வாளி இழுப்பதுபோல, அவசரமே இல்லாமல் இழுத்தார்கள். வழுவழுத்த அந்தச் சின்ன உடம்பு, சூசையம்மாவின் பிடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.