கீழே மீன், மேலே பால்

விடிந்ததும் விடியாததுமாக பிரம்மநாயகி ஃபிரிட்ஜுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். ஒரு வாரமாக இதே பாடு. ராத்திரி துடைத்துவிட்டுப் படுத்தால் காலையில் மறுபடி அடுக்களைத் தரையில் தண்ணீர். பழைய பாவாடையை விரித்து, ஊறவிட்டு, வாளியில் பிழிந்து... குனியும்போதெல்லாம் இடுப்பில் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து விசைத்தறியில் நின்ற இடுப்பு அது. தறி தின்றது போக மிச்சம்தான் அவளிடம் இருந்தது.

"அக்கா, இன்னிக்குமா?"

பின்னால் ஓர்ப்படி சிவப்ரியா நின்றாள். தோளில் ஏழு மாதப் பிள்ளை கோமு துவண்டு கிடந்தாள்.

"ம்... நேத்தைய விட இன்னிக்குக் கூடத்தான் கெடக்கு."

"கெடக்காம என்ன செய்யும்? கீழ் டிராயர்ல சாளை மீனும் கோழியுமா திணிச்சு வச்சா கதவு எப்படி மூடும்? நானும் எத்தனை மட்டம் சொல்லிட்டேன்."

"மூடிட்டுத்தான் போறேன் ப்ரியா. கைய வச்சு அழுத்திப் பாத்துட்டுத்தான்..."

"அப்ப தண்ணி என்ன, வானத்துல இருந்தா வருது?"

பிரம்மநாயகி பாவாடையைப் பிழிந்தாள். சிவப்ரியாவின் கோபம் தண்ணீர் மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தாநாளிலிருந்து பிள்ளைக்கு வயிற்றோட்டம். நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எடுத்து வச்ச பால் கெட்டுப் போயிருக்கும். எங்க வைக்கீங்க?" என்று கேட்டாள். சிவப்ரியா கரிவலம்வந்தநல்லூரில் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைக்கான பாலை பம்ப் வைத்து எடுத்து, சின்னச் சின்ன பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பகல் முழுக்க அதைப் புகட்டுவது பிரம்மநாயகி. அதற்காகவே தறி வேலையை விட்டவள். ஆக, கெட்ட பாலைக் கொடுத்த கை எது என்று டாக்டரம்மா கேட்காமலே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அந்த ஃபிரிட்ஜ் வந்த கதையே ஒரு பஞ்சாயத்து. முன்பு இருந்தது மேலே ஃப்ரீசர் உள்ளது. மாமியார் இசக்கித்தாய் அதில் தன் பூவையும் அபிஷேகப் பாலையும் வைக்கவே மாட்டாள். "மேல மீன வச்சுக்கிட்டு அதுக்குக் கீழ கோமதி அம்மனுக்குப் பூவா? கவிச்சித் தண்ணி சொட்டுமா சொட்டாதா?" என்பாள். அவள் கவிச்சியை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இளையவன் சங்கரசுப்பு, அதாவது சிவப்ரியாவின் புருஷன், கடை கடையாக ஏறி இறங்கி, ஃப்ரீசர் அடியில் இருக்கிறதாகப் பார்த்து வாங்கிவந்தான். மீன் காலடிக்குப் போயிற்று, பூ நெஞ்சுக்கு நேராக ஏறிற்று. காய்கறிக்கும் மாவுக்கும் பிரம்மநாயகி குனிய வேண்டியதில்லாமல் போனது. குந்துவது மீனுக்கும் கோழிக்கும் மட்டும்தான். அந்த டிராயர்களும் கிணறு மாதிரி. அடியில் போட்டது அடியிலேயே கிடக்கும். ஆடியில் வாங்கிய கோழி ஐப்பசியில் அகப்படும்.

பிள்ளை பாலை ஃப்ரீசரிலேயே உறைய வைக்கலாம் என்று சிவப்ரியா சொல்லிப் பார்த்தாள். "மீன் கெடக்க எடத்துலயா?" என்று இசக்கித்தாய் நெஞ்சில் கைவைத்துவிட்டாள். அதனால் பால் மேல் தட்டில், பூ டப்பாவுக்குப் பக்கத்தில், பின்சுவரை ஒட்டி இருந்தது.

கொஞ்ச நாளாக மாவு வெரசாகப் புளித்தது. பிரம்மநாயகி சொல்லத்தான் செய்தாள். சிவப்ரியா கதவிலிருந்த பொத்தானை அமுக்கிக் குளிரைக் கூட்டி வைத்தாள். மறுநாள் தண்ணீர்தான் கூடிற்று.

"அக்கா, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்." சிவப்ரியாவின் குரல் திடீரென்று தணிந்தது. தணிந்த குரல்தான் பயமாக இருந்தது. "பிள்ளைய வாசுதேவநல்லூர்ல எங்கம்மாட்ட விட்டுருதேன். நானும் அங்கன இருந்தே ஸ்கூலுக்குப் போய்க்கிடுதேன்."

பிரம்மநாயகியின் கையிலிருந்து பாவாடை வாளிக்குள் விழுந்தது.

"எத்தனை நாளைக்கு ப்ரியா?"

"நாள் கணக்கு என்ன? அவ வளருத வரைக்கும். தப்பா நினைக்காதீங்க. பெத்தவளுக்குத்தான் தெரியும் பிள்ளைக்கு எது ஒத்துக்கிடும், எது ஒத்துக்கிடாதுன்னு."

"ஏட்டி, வாய அடக்கு," என்றான் சங்கரசுப்பு உள்ளறையிலிருந்து. வெளியே மட்டும் வரவில்லை. அவன் அப்படித்தான், சண்டையில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் நியாயம் பேசுவான். பிரம்மநாயகியின் புருஷன் கோமதிநாயகம் சேலை மூட்டைகளோடு ஈரோட்டுக்குப் போயிருந்தான். இருந்திருந்தாலும் என்ன பேசியிருப்பான்?

இசக்கித்தாய் பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அதன் வயிற்றில் தடவிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

மெக்கானிக் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் பார்த்துச் சொன்னதும் கிளம்புவதென்று பேச்சு. அதற்குள் ஃபிரிட்ஜைக் காலி செய்ய வேண்டும். பிரம்மநாயகி மாவுச் சட்டியை எடுத்தாள், தயிரை எடுத்தாள். மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. வெந்நீர் வைத்தோமா... பிள்ளையின் தொப்பி எங்கே... கோமு வாசுதேவநல்லூரில் தூங்க, முதுகில் தட்டும் கை வேண்டுமே, அங்கே தட்டுகிற விதம் தெரியுமா... பூ டப்பாவை எடுத்தாள். பின்னால் சுவரில் வரிவரியாக ஓட்டைகள் இருக்கும். இன்று ஓட்டைகள் தெரியவில்லை.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டையிலும் துணி. சின்னச் சின்னதாகக் கிழித்து, விரலால் அமுக்கிச் செருகியிருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். உள்ளே அடைபட்டுக் கிடந்த குளிர் விரலைக் கடித்தது. இத்தனை குளிர் மேல் தட்டில் பட்டு எத்தனை நாளாயிற்று?

துணி மஞ்சள். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கு உடுத்திப் போகும் சேலை. அது நைந்துபோனபின் கிழித்து வைத்திருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தாள். இசக்கித்தாய் குனிந்த தலை நிமிராமல் புற்றுமண் தடவிக்கொண்டிருந்தாள். பாவம், ஒன்றும் தெரியாத முகம். தான் செய்ததற்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் முடிச்சு இருப்பது அந்த மனுஷிக்குத் தெரியவே தெரியாது.

ஒரு வார்த்தை போதும். 'இங்க வந்து பாரு ப்ரியா' என்றால் பிள்ளை இங்கேயே இருக்கும். பிரம்மநாயகியின் நாக்கு நுனி வரை வந்தது அந்த வார்த்தை.

ஆனால் நெஞ்சுக்குள் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா விரிந்தது. ஆறாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய், ரத்தம் நிற்காமல் அவள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இசக்கித்தாய் தரையில் முந்தானையை விரித்து அழுதாளாம். "தாயே, இவள மட்டும் குடுத்துரு. சாகுத வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன்." மீன் இல்லாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காதவள். பேரப்பிள்ளையைக் கேட்கவில்லை, 'இவள' என்று கேட்டாள்.

பிரம்மநாயகி மற்ற துணிகளையும் பிடுங்கினாள். சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மெக்கானிக் முகம்மது ஹுசைன் வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "கேஸ் போயிருக்கும்," என்றார். கீழ் டிராயரை உருவியதும் பேச்சை மாற்றினார். அடியில் ஒரு சாண் கனத்துக்கு ஐஸ் பாளமாக உறைந்திருந்தது.

"அட, இங்கன ஒரு மலையே கெடக்கு. தண்ணி வடியுத ஓட்டைய ஐஸ் அடைச்சிட்டு. அது வெளிய தான வரும்?"

"கதவு மூடாததுனாலதான பாய்?" சிவப்ரியா அவசரமாகக் கேட்டாள்.

"கதவு மூடலைன்னாலும் கட்டும்..." ஹுசைன் ரப்பரைத் தடவினார். "ரப்பர் நல்லாத்தான் இருக்கு."

"சொன்னேன்லா," என்று சிவப்ரியா உள்ளறையைப் பார்த்துச் சொன்னாள். பை கட்டி வாசலில் வைத்து, பிள்ளையையும் தோளில் தூக்கியாயிற்று. ஆட்டோவும் வந்து நின்றது.

ஹுசைன் டார்ச்சை மேல் தட்டுக்குள் அடித்தார். "இந்த மாடல்ல குளிரு கீழதான் பொறக்கும். ஃபேன் அத மேல தள்ளும். வழி அடைச்சா மேல சித்திர வெயிலு, கீழ ஐஸ் மலை... ஏ, இது என்ன?"

ஓரத்து ஓட்டையிலிருந்து இரண்டு விரலால் ஒரு மஞ்சள் துணியை உருவினார். அவசரத்தில் பிரம்மநாயகி ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

"யாரு இதுல துணியச் செருகுனது? பாலு கெடாம என்ன செய்யும்?"

சிவப்ரியா கிட்டே வந்து துணியைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் பிரம்மநாயகி.

"நீங்களா? எதுக்கு?" என்றாள் சிவப்ரியா.

"மீன் வாடை... மேல வருதுன்னு..."

"உங்களுக்கா? ஞாயித்துக்கிழமை விடிஞ்சா மார்க்கெட்டுல சாளைக்கு மல்லுக்கட்டுத உங்களுக்கா மீன் வாடை? என் பிள்ளை மேல உங்களுக்கு என்ன வஞ்சம் அக்கா... சொல்லுங்க..."

பிரம்மநாயகி தரையைப் பார்த்தபடி நின்றாள். துடைத்த இடத்தில் மறுபடி தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி பிரம்மு, வாய மூடு."

இசக்கித்தாய் எழுந்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஹுசைன் கையிலிருந்த துணியையே பார்த்தாள்.

"அது என் சேலை. நான்தான் செருகுனேன். அந்த ஓட்டை வழியாத்தான் கீழ கெடக்க மீன் காத்து மேல வருது. கைய வச்சுப் பாத்தேன், குப்புனு அடிச்சுது. பக்கத்துலயே பிள்ளை பாலு... பச்சைப் பிள்ளை குடிக்கிற பாலு. அதுல மீன் காத்து படலாமா? அதான் அடைச்சேன்." மூச்சு வாங்கினாள். "பாய் சொல்லுதது நெசமா? அதனாலயா பிள்ளைக்கு..."

ஹுசைன் டார்ச்சை அணைத்தார்.

இசக்கித்தாய் மருமகளிடம் திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"காலைல."

"தெரிஞ்சுமா கல்லு மாதிரி நின்ன? பிள்ளையக் கொண்டுபோனா நீ செத்துருவியேட்டி..."

"நீங்க எதுக்கு மீன விட்டியன்னு எனக்குத் தெரியும்லா அத்தை."

இசக்கித்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிவப்ரியா பிள்ளையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டினாள். "அக்கா... இந்தாங்க."

பிரம்மநாயகி கை நீட்டவில்லை.

"இரு ப்ரியா. அவ அழுதா அது பசியா தூக்கமான்னு பெத்த உனக்கும் தெரியும், பெறாத எனக்கும் தெரியும். விடணும்னா என்னைய நம்பி விடு. சந்தேகப்பட்டுக்கிட்டே விட்டுட்டுப் போகாத. கொண்டு போறதுன்னா கொண்டு போ, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னொரு நாள் அந்த மாதிரி ஒரு வார்த்தை... என்னால தாங்க முடியாது."

சிவப்ரியா உள்ளறைப் பக்கம் திரும்பினாள். "என்னங்க, ஆட்டோவ அனுப்பிருங்க," என்றாள். பிறகு ஊருக்குக் கிளம்பக் கட்டிய பட்டுச்சேலையோடு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, பிரம்மநாயகியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ரெண்டு அடி அடிச்சிருங்க அக்கா. இப்படிப் பேசாதீங்க..."

பிரம்மநாயகி குனிந்தாள். இடுப்பு சுண்டி இழுத்தது. பிள்ளையையும் அவளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளறைக் கதவைத் திறந்து வெளியே வந்த சங்கரசுப்பு, "மதினி..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் ஆட்டோக்காரரிடம் போனான்.

ஹுசைன் ஐஸை உருக்கி, தண்ணீர் வடியும் ஓட்டையைச் சரிபண்ணிவிட்டுப் போனார்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் நின்றதற்கு மறுநாள் விடிகாலை. பழக்க தோஷத்தில் பாவாடையும் வாளியுமாக பிரம்மநாயகி அடுக்களைக்கு வந்தாள். தரை காய்ந்து கிடந்தது. ஃபிரிட்ஜுக்கு முன்னால் இசக்கித்தாய் குந்தியிருந்தாள். முந்தானையால் மூக்கை இறுக்கக் கட்டிக்கொண்டு, ஃப்ரீசரின் மேல் டிராயரில் கிடந்த மீன் பொட்டலங்களை வெறுங்கையால் அள்ளிக் கீழ் டிராயருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். காலியான டிராயரை ஈரத்துணியால் துடைத்தாள்.

"அத்தை, மீனத் தொட்டியளா?"

"தொட்டா என்ன? திங்கவா செஞ்சேன்? குளிச்சிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன்." திரும்பாமலே சொன்னாள். "ப்ரியா அன்னைக்கே சொன்னாள்லா, ஒறைய வச்சாத்தான் பாலு கெடாதுன்னு. இனிமே இந்த டிராயரு பிள்ளைக்கு. உன் சாளைய அடியில போட்டுக்கிடு."

எழுந்திருக்க முடியாமல் ஒரு கையை நீட்டினாள். பிரம்மநாயகி வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். மீன் வாடை அடித்தது.