அவிழ்த்து வைத்த கயிறு

ஏணியில் கால் வைக்கும்போதே அவளுக்குக் கோபம்தான் வந்தது. அழுகையெல்லாம் அப்புறம். கடலில் மிதக்க வேண்டிய பாய்மரப் படகு, பட்டறைச் சேற்றில் மரக்கட்டைகள் முட்டுக்கொடுக்க நின்றுகொண்டிருந்தது. புருஷன் போனதிலிருந்து ஒரு வருஷமாக அவள் இதில் ஏறவே இல்லை. சாயங்காலம் வாங்குகிறவர் வந்துவிடுவார். அதற்குள் உள்ளே இருக்கும் சாமான்களை எடுத்தாக வேண்டும்.

படகின் அடிவயிற்றுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"தனியாவா போறே தங்கச்சி?"

"பேயா பிடிச்சுக்கப் போகுது? நீங்க வேலையப் பாருங்கண்ணே."

வாய்த் துடுக்குக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் கதவைத் தள்ளுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே மழை மேகம், உள்ளே நல்ல இருட்டு. டீசல், பூஞ்சை, காயாத துணி எல்லாம் கலந்த பழைய வாடை. எத்தனை சண்டை போட்ட இடம்! மேல்மூடி ஒழுகி, சொல்லிவைத்தாற்போல் அவள் தலையணையில்தான் சொட்டும். பசை, ரப்பர், மெழுகு என்று அவன் அடைக்காத பொருள் இல்லை. கக்கூஸ் பம்ப் வாரத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்ளும். "கடல்னா அஸ்தமனம் பார்க்கலாம்னு கூட்டிட்டு வந்தியே, அடைப்பு எடுக்கணும்னு சொன்னியாய்யா?" என்று கத்துவாள். அவன் பல்லைக் காட்டுவான்.

அவள் படுக்கைத் தலைமாட்டுக் கொக்கியில் அந்தக் கயிறு தொங்கியது.

இரண்டே பேர் ஓட்டுகிற படகில் ஒருவர் தூங்கினால் மற்றவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். காற்று இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. அதற்காக இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மெல்லிய கயிற்றின் ஒரு முனை தூங்குகிறவர் கால் கட்டைவிரலில், மறுமுனை மேலே இருப்பவர் கையில். இரண்டு இழுப்பு என்றால் எல்லாம் சரி, தூங்கு. நீளமாக ஒரே இழுப்பு என்றால் எழுந்து வா. பாய் எங்காவது சிக்கிக்கொண்டால், எழுப்பாமல் பாய்மரத்தடிக்குத் தனியாகப் போகக் கூடாது. தலையில் அடித்துச் சத்தியம் செய்த விஷயம் அது.

"தூங்குன்னு சொல்ல எதுக்குய்யா இழுத்து எழுப்புறே?" என்று எரிந்து விழுவாள்.

"நான் இருக்கேன்னு உனக்குத் தெரிய வேண்டாமா, தூங்குமூஞ்சி?"

கடைசிப் பயணத்தில் அவளுக்குக் காய்ச்சல். குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்து, அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள். விழித்தபோது முகத்தில் வெயில். மேலே பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. காலில் கயிறு இல்லை. அது கொக்கியில் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது, எல்லோரும் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. அவன் இடக்கைக்காரன். துறைமுகத்தில் அவனுக்கு நொட்டாங்கைக் கேப்டன் என்றே பேர்.

மேலே யாரும் இல்லை.

பாவி மனுஷன். காய்ச்சல்காரி தூங்கட்டும் என்று கீழே இறங்கி வந்து அவிழ்த்து வைத்துவிட்டு, சிக்கிய பாயை எடுக்கத் தனியாகப் போயிருக்கிறான். உடல்கூடக் கிடைக்கவில்லை. "நீ தூங்கிட்டிருந்தே, உனக்கென்ன தெரியும்" என்று வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி இருந்தது. விழும்போது அவன் கூப்பிட்டானா? கூப்பிட்டும் அவள் தூங்கினாளா? அந்த ஒரு கேள்வி அவளை வருஷம் முழுக்க அரித்துத் தின்றது.

அன்றைக்கு அவன் மாட்டியதை அவள் தொட்டதே இல்லை. இப்போது எடுத்தாள்.

கயிறு நனைந்திருந்தது.

மூடி ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன தோன்றியதோ, ஒரு முனையைக் கால் விரலில் கட்டி, மறுமுனையைப் படி வழியாக மேல்தளத்துக்கு வீசிவிட்டுப் படுத்தாள். மழை பிடித்துக்கொண்டது. தலையணையில் சொட்டு விழுந்தது. அவள் நகரவில்லை.

கயிறு இழுபட்டது.

இரண்டு தடவை.

"அண்ணே, விளையாடாதீங்க!"

"என்னம்மா?" பெயிண்டரின் குரல் தரையிலிருந்து, படகின் அடியிலிருந்து வந்தது. "மழைக்கு இங்க ஒதுங்கி நிக்கிறேன்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"யோவ்," என்றாள் மெதுவாக. "விழும்போது என்னைக் கூப்பிட்டியா?"

இரண்டு இழுப்பு. எல்லாம் சரி, தூங்கு.

"பொய் சொல்லாதே." அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு தடவை நீளமா இழு. இப்பவாவது எழுந்து வர்றேன். சத்தியமா வர்றேன்யா."

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு படியில் ஈரக் கால்கள் இறங்கும் ஓசை. உப்புக் காற்றின் வாடை. கண்ணைத் திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

கால் விரலில் ஜில்லென்று ஒரு கை பட்டது.

முடிச்சைத் தேடியது. தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாதே என்கிற மாதிரி, மெல்ல, மிக மெல்ல அவிழ்த்தது.

சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டாள். படகிலிருந்து அந்தக் கயிற்றைத் தவிர அவள் ஒரு துரும்பைக்கூட எடுத்து வரவில்லை.

இப்போது அவள் குடியிருப்பது மூன்றாவது மாடி. அங்கிருந்து கடல் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. தினமும் படுக்கும்போது கயிற்றைக் காலில் கட்டிக்கொள்கிறாள். முடிச்சின் மேல் முடிச்சு, பல்லால் கடித்தாலும் அவிழாத முடிச்சாகப் போடுகிறாள். மறுமுனையைச் சும்மா தரையில் விடுகிறாள், பிடிக்கிறவன் பிடிக்கட்டும் என்று. "ஒரு தடவை எழுப்பேன்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று இருட்டைப் பார்த்துக் கெஞ்சிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறாள்.

விடிந்து பார்த்தால் போர்வை கழுத்துவரை இழுத்து விடப்பட்டிருக்கும். காலில் கயிறு இருக்காது.

ஜன்னல் கொக்கியில், இடக்கைச் சுற்றாக, சொட்டச் சொட்ட நனைந்து தொங்கிக்கொண்டிருக்கும்.