பதில் சொன்ன எண்

தோஃபார் மலைகளை மூடுபனி விழுங்கியிருந்த ஒரு மதியம், துவைபா விமான நிலையக் கட்டுப்பாட்டு அறைக்குப் பணிக்கு வந்து ரேடார் திரையின் முன் அமர்ந்தாள். சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ஈர மண்ணும் சாம்பிராணியும் கலந்த வாசம் அறைக்குள் கசிந்துகொண்டிருந்தது.

திரையில் இரண்டு விமானங்கள். நூற்று நாற்பது பேரோடு இறங்கிவரும் பயணிகள் விமானம். நோயாளி ஒருத்தியை ஏற்றிவரும் சிறு விமானம். ரேடார் கேட்கக் கேட்க, விமானத்திலிருக்கும் டிரான்ஸ்பாண்டர் தன் எண்ணையும் உயரத்தையும் பதிலாகச் சொல்லும். அந்தப் பதில்தான் துவைபாவுக்குக் கண்.

சிறு விமானத்தின் எண் சட்டென்று அணைந்தது. வெறும் புள்ளி மிஞ்சியது.

“டிரான்ஸ்பாண்டர் செத்துப்போச்சு, துவைபா,” என்றான் அதன் விமானி முசல்லம், வானொலியில். “கண்ணைக் கட்டிக்கிட்டு ஒட்டகம் ஓட்டுற மாதிரி இருக்கு. நாலாயிரம் அடில வந்துட்டிருக்கேன்.”

பயணிகள் விமானமும் அதே பாதையில், ஆறாயிரத்தில். இடைவெளி போதும். ஆனாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்தப் புள்ளியின் அருகே ஓர் எண் முளைத்தது.

0317.

விமானங்களுக்கு எண் கொடுப்பது அவள்தான்; இது அவள் யாருக்கும் கொடுக்காத எண். உயரம், ஆறாயிரம்.

“அபூ ஸாலிம், இங்க பாருங்க!”

அவள் மரியாதையாக ‘ஸாலிமின் தந்தை’ என்றழைக்கும் மூத்தவர் மஹாத், பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அதைப் பாக்காதம்மா...”

உயிரோடு பேசுகிற முசல்லத்தை நம்புவதா, இந்த எண்ணையா?

ஒலிவாங்கியை அழுத்தினாள். பயணிகள் விமானத்தின் விமானியிடம் கத்தினாள். “உடனே மேல ஏறுங்க! உடனே!”

அரை நிமிடத்தில் பயணிகள் விமானத்தின் விமானி அலறினான்.

“யா அல்லாஹ்... எங்க அடிவயித்தை உரசுற மாதிரி ஏதோ போச்சு!”

முசல்லம் கடல்மேல் பனியைவிட்டு வெளிப்பட்டு, பத்திரமாகத் தரையிறங்கியபின் அழைத்தான்.

“உயரமானி நாலாயிரத்துலயே நின்னுபோயிருக்கு. நீ எப்படிக் கண்டுபிடிச்ச?”

“உங்க டிரான்ஸ்பாண்டர்தானே சொல்லிச்சு.”

“அது இன்னும் செத்துத்தான் கிடக்கு.”

மஹாத் தாழ்ந்த குரலில் சொன்னார். “அந்த 0317, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே பனியில மலையில மோதின விமானத்தோட எண்ணு. நான்தான் குடுத்தேன். அப்புறம் யாருக்கும் குடுக்கறதில்ல.”

வானத்தில் இப்போது எந்த விமானமும் இல்லை. ஆனால் 0317 திரையில் இருந்தது. மலைக்கு நேர் மேலே, அசையாமல்.

விமானத்தை அடையாளம் காண, ஒரு பொத்தானை அழுத்தும்படி விமானியிடம் கேட்பதுண்டு. அழுத்தினால் எண் மின்னும். துவைபா ஒலிவாங்கியைத் தொடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“இருந்தா... காட்டு.”

எண் மின்னியது.