கண் கேட்டால் பல் வருமா?

பார்சலைப் பிரித்ததும் துருவியின் அம்மா "ஐயோ!" என்று கத்திவிட்டார்.

பெட்டிக்குள் ஒரு பல்செட்டு இருந்தது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேர்ந்து 'ஈ' என்று இளித்துக்கொண்டிருந்தன.

"கண்ணு கேட்டா பல்லு வந்திருக்கே!" என்றார் அம்மா.

துருவி என்பது பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய அம்மா ஒரு பொம்மை டாக்டர். காது பிய்ந்த முயல், தலை கழன்ற கரடி, கை ஒடிந்த ராணி என்று எல்லா நோயாளிகளும் அவர்கள் வீட்டு முன்னறைக்குத்தான் வருவார்கள்.

இப்போது மேசையில் படுத்திருந்தது மாடி வீட்டுச் சிட்டுவின் பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடும், தூக்கினால் திறக்கும் அந்தக் காலத்துப் பொம்மை. மாடிப்படியில் விழுந்ததில் அதன் கண்கள் இரண்டும் நொறுங்கிவிட்டன. அந்த அளவில் கண் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் இணைய ஏலத்தில், கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருக்கும் வியாபாரியிடம் ஒரே ஒரு ஜோடி கிடைத்தது. அம்மா விடாப்பிடியாக ஏலம் கேட்டு அதை வாங்கியிருந்தார்.

சிட்டுவுக்கு ஐந்து வயது. பொம்மை இல்லாமல் அவளுக்குத் தூக்கமே வருவதில்லை. தினமும் இறங்கி வந்து விசாரிப்பாள். அன்றும் சரியாக வந்து நின்றாள்.

"கண்ணு வந்துடுச்சா அத்தை?"

துருவி அவசரமாக ஒரு துணியை எடுத்துப் பெட்டிமேல் போட்டாள். ஆனால் சிட்டு அதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஐயய்யோ! என் பொம்மைக்குப் பல்லு முளைச்சிருச்சா?"

அவளைச் சமாதானம் செய்து மாடிக்கு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அம்மா கோபத்தோடு கணினி முன் உட்கார்ந்து வியாபாரிக்கு எழுதினார். ஒருவர் எழுதுவதை மற்றவருடைய மொழிக்கு அந்த ஏலத் தளமே மாற்றிக் கொடுத்துவிடும். 'கண் கேட்டேன், பல் அனுப்பியிருக்கிறீர்கள். இது என்ன விளையாட்டு?'

மறுநாள் துருவி பள்ளியிலிருந்து வந்தபோது பதில் வந்திருந்தது. 'என் கையால் இரண்டு கண்களை வைத்துக் கட்டினேன். என்னிடம் பல்லே கிடையாது. விளையாடுவது நீங்கள்தான்.'

"பாத்தியா? நான் பொய் சொல்றேனாம்!" என்று அம்மா கொதித்தார்.

அதற்குக் கீழே தளத்திலிருந்தும் ஓர் அறிவிப்பு. புகார் செய்வதானால் இன்று மாலைக்குள் செய்ய வேண்டும். செய்தால் பணம் திரும்பி வரும். வந்த பொருளை வியாபாரிக்கே அனுப்பிவிட வேண்டும். அவர் கடைமேல் 'நம்ப முடியாதவர்' என்று சிவப்பு முத்திரை விழும்.

"அப்போ பல்லு அவருக்குப் போயிடுமாம்மா?"

"ஆமா."

"அவர்தான் அது தன்னோடது இல்லன்னு சொல்றாரே?"

"ஆமா... சொல்றார்."

"நம்மளோடதும் இல்ல. அப்போ அது யாரோட பல்லு?"

அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "துருவி, ஏற்கெனவே எனக்குத் தலை சுத்துது. நீ வேற குழப்பாதே."

துருவிக்கும் தலை சுற்றத்தான் செய்தது. வியாபாரி ஏமாற்றுக்காரர் என்றால் ஒரு கல்லை வைத்து அனுப்பியிருக்கலாமே, இவ்வளவு நல்ல பல்செட்டை ஏன் அனுப்ப வேண்டும்? அவர் சொல்வது உண்மை என்றால், கண் எப்படி வழியில் பல்லாக மாறும்? இப்படி யோசித்தாலும் இடித்தது, அப்படி யோசித்தாலும் இடித்தது.

பேசாமல் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு வெள்ளை ஸ்பாஞ்சுக் கட்டி இருந்தது. அதில் அருகருகே இரண்டு வட்டக் குழிகள். பல்செட்டை அதில் வைத்துப் பார்த்தாள். எப்படித் திருப்பி வைத்தாலும் அது குழிக்குள் இறங்கவில்லை.

சிட்டுவின் பொம்மையிலிருந்து எடுத்த உடைந்த கண்ணில் பாதி, மேசையில் கிடந்தது. துருவி அதை எடுத்துக் குழிக்குள் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அம்மா! அவர் நிஜமாவே கண்ணைத்தான் வச்சிருக்கார். இங்க பாரு!"

அம்மா குனிந்து பார்த்தார். துருவி பெட்டியின் மூடியைப் புரட்டினாள். அதில் பழுப்பு டேப் ஒட்டி, நடுவில் கத்தியால் வெட்டியிருந்தது. அதற்கு மேல் இன்னொரு வெள்ளை டேப். அதில், 'சோதனைக்காகத் திறக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது.

"இது யார் ஒட்டினது?"

"சுங்க அலுவலகத்துல. வெளிநாட்டுல இருந்து வர்ற பெட்டிய அவங்க திறந்து பாத்துட்டு மறுபடி ஒட்டி அனுப்புவாங்க."

"ஒரே மேசையில ரெண்டு பெட்டியத் திறந்திருந்தா? மழை நாள்ல எங்க கிளாஸ்ல மழைக்கோட்டு மாறிப் போகுமே, அந்த மாதிரி?"

அம்மாவின் கை 'புகார்' பொத்தான் பக்கத்தில் நின்றது. "நீ சொல்றது சரியாத்தான் தெரியுது. ஆனா தப்பா இருந்து, நேரமும் முடிஞ்சுட்டா? பணமும் போயிடும், கண்ணும் போயிடும்டி."

"புகார் பண்ணா அவர் பேரு கெட்டுடுமே! பல்லும் கடல் தாண்டிப் போயிடும். பல்லுக்காரர் பாவம் இல்லையா? அவர் எப்படிம்மா சாப்பிடுவார்?"

அம்மா பெருமூச்சு விட்டுக் கையை எடுத்தார். ஸ்பாஞ்சுக் குழிகளைப் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்பினார். 'நீங்கள் ஏமாற்றவில்லை என்று புரிகிறது. வழியில் எங்கோ மாறியிருக்கிறது' என்றும் எழுதினார். பிறகு இருவரும் பெட்டியோடு பார்சல் அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை. "என்ன வேணும்?"

"எங்க கண்ணு காணாமப் போயிடுச்சு," என்றாள் துருவி மூச்சு வாங்க.

"கண் ஆஸ்பத்திரி அடுத்த தெருவுல இருக்கு."

"இல்லீங்க, கண்ணுக்குப் பதிலா பல்லு வந்திருக்கு!"

"பல்லையும் அங்கேயே கீழ்த்தளத்துல பாப்பாங்க."

துருவி பெட்டியைத் திறந்து கவுன்ட்டரில் வைத்தாள். அந்த அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அடக் கடவுளே! காலையில ஒருத்தர் வாயைக் கைக்குட்டையால பொத்திக்கிட்டு வந்து இதே மாதிரி ஒரு டப்பாவத் திறந்து காட்டினார். உள்ளேருந்து ரெண்டு கண்ணு என்னையே முறைக்குது! அவர் சொன்னது ஒண்ணுமே விளங்கல. எடுத்துட்டுப் போங்கன்னு துரத்திட்டேன்."

"அவர்தான்! அவரேதான்!" என்று துருவி குதித்தாள்.

"அட்ரஸ் தரக் கூடாது. இருங்க, நானே போன் பண்றேன்."

கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையும் டப்பாவுமாக ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பல்செட்டைக் கண்டதும் அவர் கண்கள் கலங்கிவிட்டன. எடுத்து நேராக வாய்க்குக் கொண்டு போனார்.

"கழுவிட்டுப் போடுங்க மாமா!" என்று கத்தினாள் துருவி.

குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பியவர் ஆளே மாறியிருந்தார். "நான் பாட்டு வாத்தியார்மா. வெளிநாட்டுல இருக்குற மக வீட்டுக்குப் போனப்போ பல்ல அங்கேயே மறந்துட்டு வந்துட்டேன். அவதான் அனுப்பி வச்சா. டப்பாவத் திறந்தா ரெண்டு கண்ணு! யாரோ மிரட்டுறாங்கன்னு பயந்துட்டேன். பல்லில்லாம எப்படிப் பாடறது? வகுப்புக்கே லீவு விட்டுட்டேன்." கண்கள் இருந்த டப்பாவைத் துருவியிடம் கொடுத்துவிட்டு 'ஆ...' என்று நீளமாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வியாபாரியின் பதில் காத்திருந்தது. 'அவை நான் கரண்டியால் தோண்டிய குழிகள்தான். கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கண்கள் கிடைத்தனவா?'

'கிடைத்துவிட்டன. முதலில் கோபப்பட்டது நான்தான், நீங்களும் மன்னிக்க வேண்டும்' என்று அம்மா எழுதினார். 'புகார் இல்லை' என்ற பொத்தானைத் துருவியையே அழுத்தச் சொன்னார்.

அப்புறம் அறுவை சிகிச்சை. அம்மா பொம்மையின் தலையைத் திறந்து, கண்களைப் பொருத்தி, பசை காயும் வரை விசிறினார். சிட்டு மூச்சுக்கூட விடாமல் பக்கத்தில் நின்றாள். பொம்மை கண்ணை மூடியபடி படுத்திருந்தது.

"எடுத்துக்கோ சிட்டு," என்றார் அம்மா.

சிட்டு தொடவில்லை. அவள் உதடு பிதுங்கியது. "இது புதுக் கண்ணு. அதுக்கு என்னை அடையாளம் தெரியுமாக்கா?"

துருவி அவள் பக்கத்தில் குனிந்தாள். "நீயே கேட்டுப் பாரேன்," என்றாள்.

சிட்டு பொம்மையை மெதுவாகத் தூக்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். 'டக்'கென்று இரண்டு இமைகளும் திறந்தன.

"தெரியுதாம்!" என்று கூவிக்கொண்டு, பொம்மையை அணைத்தபடி மாடிக்கு ஓடினாள் சிட்டு.