வரிசையில் அடுத்தவர்

சுவரிலிருந்து பிடுங்கிப்போட்ட டெலிபோன் வயர் தரையில் சுருண்டு கிடந்தது. ஆனாலும் சரியாக மாலை ஆறு மணிக்கு முன்னறையில் கம்ப்யூட்டரின் மோடம் டயல் செய்யத் தொடங்கியது.

அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த உமா மகேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். மத்தியானம்தான் அவள் அண்ணன் வல்லிநாயகம் வந்து அந்த வயரைப் பிடுங்கினான்.

"ஏட்டி, நாப்பது நாளாச்சு. இந்த லைனை வச்சுக்கிட்டு இன்னும் யாருக்குக் காத்துக் கெடக்கே? நாளைக்குக் காரியத்தை முடிச்சிருவோம்."

"உடம்பு கிடைக்கலையேண்ணே. அவிய கூப்பிட்டா?"

"கிறுக்கச்சி மாதிரி பேசாதட்டி" என்றான். தென்காசிக் கடையின் சாவியையும் எடுத்துக்கொண்டு போனான்.

அந்தக் கடையில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்த குமரகுரு, அவள் கணவன், ஆனிக் கடைசியில் குற்றாலம் மெயினருவிக்குக் குளிக்கப் போனவன் வெள்ளத்தோடு போய்விட்டான். மேலகரத்து வீட்டுக் கம்ப்யூட்டர் மெஷினைக் கடையிலிருந்தே பார்க்க அவன் செய்த ஏற்பாடுதான் இது. தினமும் ஆறு மணிக்கு அது தானாக டயல் செய்யும். லைன் கிடைத்ததும் அதற்கு ஓர் எண் வரும், அந்த ஒரு தடவைக்கு மட்டுமான முகவரி. அதை மெஷினே கடைக்கு மெயிலில் அனுப்பும். அந்த எண்ணைப் பிடித்து, கடையில் இருந்தபடியே அவன் இந்த மெஷினுக்குள் வருவான். வந்ததும் திரையில் அவன் விளையாட்டாக எழுதிவைத்த வரி தெரியும்: உமா, நான்தான். உள்ள வரவா? அவள் கீபோர்டில் ‘எஸ்’ஸுக்கான ஒய் எழுத்தைத் தட்டினால் கதவு திறந்த மாதிரி. லைன் அறுந்தால் மறுபடி டயல், மறுபடி புது எண். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவன் எழுதவே இல்லை.

"நமக்குன்னு சொந்த நம்பர் கெடையாது உமா. நேத்து நம்மகிட்ட இருந்தது இன்னைக்கு யாரு வீட்டுல இருக்கோ. லைன் கம்பெனிக்காரன் கேட்டவங்களுக்குக் குடுப்பான், மூஞ்சியைப் பாக்க மாட்டான்" என்று அவன் ஒருநாள் சொன்னான்.

"அப்ப வேற யாராச்சும் வந்தா?"

"அப்பவும் இதே வரிதான் வரும். நீதான் பாத்துத் தட்டணும்" என்று சிரித்தான்.

முன்னறைக்குள் சாரல் ஈரம் ஏறியிருந்தது. மோடத்தின் கீச்சல் நீண்டு, கரகரத்து, அடங்கவேண்டிய இடத்தில் அடங்காமல், அடியில் வேறொரு இரைச்சலாக மாறிக்கொண்டே போனது. உயரத்திலிருந்து பாறையில் விழும் தண்ணீரின் இரைச்சல். நல்லெண்ணெய் வாடை. நனைந்த கல்லின் வாடை. குனிந்து வயரின் முனையைத் தொட்டாள். விரல் நனைந்தது. முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையில் ஓர் எண் வந்தது. அதன் கீழே வரி.

உமா, நான்தான். உள்ள வரவா?

கடை பூட்டிக் கிடக்கிறது. சாவி அண்ணனிடம். அவளுக்குத் தெரியும். நாளைக்குக் காரியம் முடிந்தால் இந்த வரி இனி வராது என்பதும் தெரியும்.

தட்டினாள்.

இரைச்சல் நின்றது. வாசல் கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது.

வெளியே சாரலில் ஆட்கள் நின்றார்கள். அருவிக்கரையில் முறைக்கு நிற்பதுபோல, ஒருவர் பின் ஒருவராக. தோளில் துண்டு. தலையில் வழியும் எண்ணெய். உப்பி வெளுத்த முகங்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குமரகுரு இல்லை. தெருவிளக்கு வரைக்கும் இல்லை. விளக்கைத் தாண்டியும் வரிசை போனது. மேற்கே. குற்றாலம் வரைக்கும்.

முதல் ஆள் படியேறினான். அவளைப் பார்க்கவே இல்லை. உரசிக்கொண்டு போன தோள் ஐஸ் மாதிரி இருந்தது. குமரகுருவின் நாற்காலியில் உட்கார்ந்தான். லைன் அறுந்தது.

மோடம் மறுபடி டயல் செய்தது.

புது எண்.

உமா, நான்தான். உள்ள வரவா?

வாசலில் இரண்டாவது ஆள் காத்து நின்றான். நாற்காலியில் இருந்தவன், தண்ணீர் சொட்டும் விரலை நீட்டி, ஒய் எழுத்தின் மேல் வைத்தான்.