மொசுகேயின் முகம்

தெருமுனைக் காவல் சாவடிக்குள் குவாபரா ஓடிவந்த வேகத்தில் வாசலில் நின்ற சைக்கிள் சாய்ந்தது.

"கொலைங்க! அதாவது... முகத்தை வெட்டி எடுத்துட்டாங்க!"

காவலர் நாகசே டீயைக் கீழே வைத்தாள். "யார் முகத்தை?"

"கான்ஸ்டபிள் மொசுகே முகத்தை!"

நாகசே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மொசுகே காகிதத்தில் வாழும் போலீஸ்காரர். இருபது வருடமாக ஓவிய ஆசான் சுகிமோரி சென்செய் வரையும் படக்கதையின் நாயகர். அவரைப் படித்துப் படித்துத்தான் அவளே இந்த உடுப்பை மாட்டினாள்.

சென்செயின் வரைகூடத்துக்கு நடந்துகொண்டே குவாபரா மூச்சிரைக்கச் சொன்னார். அவர் அந்தப் படக்கதையை வெளியிடும் வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். கடைசி அத்தியாயம் மதியம் அச்சுக்குப் போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் மொசுகே குண்டடிபட்டுக் கண்மூடிக் கிடக்கிறார். அப்படி முடித்தால்தான் விற்கும் என்று ஒற்றைக் காலில் நின்றதும் குவாபராதான். காலையில் உறையைப் பிரித்தால் அந்தப் பக்கத்தில் முகம் இருந்த இடத்தில் ஓட்டை.

"சென்செய்க்கு உதவியா இருக்கிற சிஹோ வேலைதான். வேலையை விட்டு அனுப்பியாச்சு. போலீஸ்ல ஒப்படைக்கிறதுதான் பாக்கி."

வரைகூடத்தில் சிஹோ தன் பையோடு சுவர் ஓரமாக நின்றாள். அழுது முடித்த கண்கள். சென்செய் யார் முகத்தையும் பாராமல் டீ ஊற்றி நீட்டினார். குவாபராவின் கோப்பையில் வெள்ளையாக ஒரு விரல் தடம் ஒட்டியிருந்தது. குவாபரா அதைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"கத்தி இவ மேசைல கிடந்தது," என்றார் குவாபரா. "கதைல இவ பேரைப் போடலேன்னு நேத்து சண்டை வேற!"

"கத்தி என் மேசைல இல்லாம உங்க மேசைலயா இருக்கும்?" சிஹோ சீறினாள். "உங்களுக்கு ஆப்பிள் வெட்டக்கூட வராது."

நாகசே அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினாள். படம் இருந்த பக்கமாகப் பிசிறு தூக்கி நின்றது. பிறகு மூலையில் இருந்த கண்ணாடி மேசையைத் தொட்டாள். அடியில் பல்பு வைத்த பழைய மேசை. இன்னும் சுட்டது.

"இது யாரோடது?"

"சென்செயோடது. நாங்க தொட மாட்டோம்," என்றாள் சிஹோ. "முகம் கோணியிருக்கான்னு தாளைக் கவுத்துப் போட்டுப் பாப்பார்."

"பக்கமெல்லாம் எப்ப முடிஞ்சது?"

"நேத்து சாயங்காலமே," என்றார் குவாபரா.

நாகசே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"குவாபரா சான், கோபத்துல வெட்டுறவன் முகத்தைப் பாத்துத்தான் வெட்டுவான். இது பின்னாலேருந்து வெட்டினது. பிசிறு முன்பக்கம் நிக்குது பாருங்க. அந்த முகத்துல நேரா கத்தி வைக்க மனசு வரல. ஆனா கவுத்துப் போட்டா கோடு தெரியாது, அடியில விளக்கு வேணும். விளக்கு சுடுது. அப்புறம் சென்செய் நீட்டின உங்க கோப்பைல வெள்ளை மை. தப்பைத் திருத்தத்தானே வெள்ளை? எல்லாம் நேத்தே முடிஞ்ச வீட்டுல, இன்னைக்குக் காலைல எந்தத் தப்பைத் திருத்துனீங்க, சென்செய்?"

குவாபரா சென்செயின் பக்கம் திரும்பினார்.

கிழவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடிய இமைகளுக்கு மேல் வெள்ளை பூசியிருந்தது. அதன்மேல் புதுக் கறுப்பில் மொசுகேயின் இரண்டு கண்களும் திறந்து குவாபராவையே பார்த்தன.

"அவன் கண்ணை மூடின மாதிரி வரைஞ்சு குடுத்துட்டேன். காலைல எனக்கே மூச்சு முட்டுச்சு," என்றார் சென்செய். "சொன்னா, திரும்ப மூட வைப்பீங்க. அதான் சிஹோ கத்தியால முகத்தையே வெட்டி எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"மொசுகே சாகக் கூடாதுன்னு என்னைச் சாக விட்டீங்களே!" என்றாள் சிஹோ.

சென்செய் தரையில் நெற்றி படக் குனிந்தார். நிமிரவில்லை.

"மொசுகே இருந்தா என்ன பண்ணியிருப்பார்?" என்று கேட்டாள் நாகசே.

"முதல் பக்கத்துலயே என் கையில விலங்கு மாட்டியிருப்பான்."

சிஹோ குனிந்த அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்து, ஒட்டுநாடாச் சுருளை எடுத்தாள்.

"கடைசிப் பக்கத்துல என் பேர் வரணும். சின்னதா இல்ல."

"வரும்," என்றது தரையிலிருந்து குரல்.

முகத்தை ஓட்டையில் பொருத்தி, பின்புறமாக ஒட்டினாள். மயிரிழை இடைவெளி இல்லை. அந்த நேரம் பார்த்து குவாபராவின் போன் அடித்தது. தலைமை ஆசிரியர். குவாபரா ஒட்டிய பக்கத்தைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"சார்," என்றார், தன் குரலைத் தானே நம்பாமல். "ஆள் பொழைச்சுட்டார்."