இடது பக்கம் சாய்ந்த கூர்

பல நாளாக யாரும் தொடாத தீட்டுக்கல் ஈரமாக இருந்தது.

சமையலறைக்குப் பின்னால் உள்ள அந்தச் சின்ன அறையில், பழைய தோல் வாடையும் எண்ணெய் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏற, தம்பி குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தான். சாம்பல் நிறச் சேறு விரலில் ஒட்டியது. கூரையில் ஒழுக்கு ஏதும் இல்லை. பக்கத்தில் அண்ணனின் வேட்டைக்கத்தி உறைக்கு வெளியே கிடந்தது. அண்ணன் செத்து அன்றோடு பத்தொன்பது நாள்.

கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கூர் இடது பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணன் இடதுகைக்காரன், அந்த வீட்டில் அவன் தீட்டினால் மட்டுமே அப்படி வரும். சொத்தைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பான், கத்தியைக் கேட்டால் யோசிக்கவே மாட்டான், இல்லை என்று சொல்லிவிடுவான்.

தம்பி கொல்லைப் படிக்குப் போய், சிமென்ட் விளிம்பில் கத்தியைத் தேய் தேய் என்று தேய்த்துக் கூர்மையை மழுக்கினான். பெட்டியில் போட்டுப் பூட்டினான். சாவியை மடியில் சொருகிக்கொண்டான். மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டான். கட்டிலில் சாய்ந்தான். கண்ணை மூடினால் காடு வந்தது. மரத்தடியில் கண்ணசந்திருந்த அண்ணன். முப்பது வருஷம் நாலு பேர் முன்னால் 'சோப்ளாங்கி' என்று கூப்பிட்ட வாய், லேசாகத் திறந்திருந்தது. அவன் இடுப்பிலிருந்தே கத்தியை உருவித் தொடையில் ஒரே இழுப்பு. பன்றி கிழித்தது என்று ஊரே நம்பியது. செய்ததற்குத் தம்பி வருத்தப்படவில்லை. பயம் மட்டும்தான்.

சர்ர்ர். சர்ர்ர்.

சத்தம் மிக அருகில் கேட்டது. கண்ணைத் திறந்தான். கட்டிலில் இல்லை. சின்ன அறையில், கல்லுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பூட்டிவைத்த கத்தி கையில் இருந்தது. எதிரே முக்காலியில் அண்ணி.

"அண்ணி, நான் எப்ப இங்க வந்தேன்?"

"தினமும் வர்றதுதான தம்பி. சாப்பிட்டுக் கண்ணசருவீங்க. அப்புறம் எழுந்து வந்து தீட்டுவீங்க. இடது கையால."

"எனக்கு இடது கையில ஸ்பூன்கூடப் பிடிக்க வராது, அண்ணி."

"தெரியும். முதல் தடவை வலது கையாலதான தீட்டுனீங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "பன்னி வந்த வேகத்துல அவர் கத்தியை உறையை விட்டே எடுக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. உறையோட என் கையில குடுத்தீங்க. உருவிப் பார்த்தேன். புதுசாத் தீட்டியிருந்துச்சு. கூர் வலது பக்கம்."

அன்று ஓடையில் ரத்தத்தைக் கழுவியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேட்டைக்காரன் மழுங்கிய கத்தியை உறையில் போடமாட்டான். சிறு வயதிலிருந்தே ஊறிய பழக்கம். ஓடைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டான், தன்னையறியாமல்.

"நான்தான் செஞ்சேன். ஒத்துக்கிறேன். போலீஸ்கிட்ட வேணா சொல்றேன். இந்தக் கையைப் பிடிங்க அண்ணி!"

அவள் பிடிக்கவில்லை.

சர்ர்ர்.

வலது கையால் இடது மணிக்கட்டைப் பற்றினான். நிற்கவில்லை. எழப் பார்த்தான். கால் மரத்துப்போயிருந்தது. சத்தம் மெலிந்தது. நின்றது. கை கத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தது. நிதானமாக. வேலை தெரிந்தவன் பார்ப்பது போல.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. அவள் பார்த்தது தம்பியின் முகத்தை அல்ல, அந்தக் கையை.

"போதும்ங்க," என்றாள், புருஷனிடம் பேசும் குரலில். "கூர் வந்துருச்சு."

கை மெல்லக் கீழே இறங்கியது. அவன் வேட்டியைத் தொடைவரை ஒதுக்கியது.